கூட வந்தவருக்குத்தான் தெர்மாமீட்டர்

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்ற செவிலியர் என்கிற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய தம்பி, நோயாளியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். கண்ணைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் முன்னால் சாய வேண்டும், நடுநடுவே தலையாட்ட வேண்டும். பிள்ளைகள் அத்தனை பேரும் உடனே தலையாட்டினார்கள். தலையாட்டுவதுதான் வித்தை என்றால் பூம்பூம் மாட்டுக்கல்லவா முதலில் வேலை கொடுக்க வேண்டும் என்று பக்கத்திலிருந்த ஒரு அம்மாவிடம் சொன்னேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. முன்வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது. என் குரல் அப்படி. நான் போடியில் தும்மினால் மலையில் ஆள் திரும்பிப் பார்ப்பான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

என் முறை வந்தபோது ஒரு பெண் எழுந்தாள். "மேடம், நாங்க நல்லாத்தான் கேக்குறோம். அவுகதான் வாயத் தொறக்க மாட்டேங்கிறாக. என்ன செய்யுதுன்னு கேட்டா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொல்றாக. அதுக்கு என்ன பண்றது?"

நல்ல கேள்வி. பதிலுக்கு டாக்டர் சுகந்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் பிரியாணி வந்துவிட்டது. பிரியாணி வந்த பிறகு எப்பேர்ப்பட்ட பேச்சும் எடுபடாது, அதில் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது மதுரையில். ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள், கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார்கள், படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மனுஷி பேசினால் எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லவில்லை. அதற்குத்தான் காது இருக்கிறதே என்று விட்டிருப்பார்கள். பிறகு கம்பம், சின்னமனூர் என்று பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சிறிய சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். குரங்கணிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்கி வருபவர்கள், தேவாரம் பக்கத்து விவசாயிகள், போடி ஏலக்காய்க் கடைகளுக்குக் காய் பொறுக்கப் போகும் பெண்கள் என்று எந்நேரமும் கூட்டம் இருக்கும். அங்கே என் பாணி ஒன்றே ஒன்றுதான். "என்ன செய்யுது? காய்ச்சலா, வயிறா? வெரசா சொல்லு தாயி, பின்னால ஆள் நிக்குது." கூட்டம் சீக்கிரம் கலையும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அங்கேதான் டாக்டர் சுகந்தி மாற்றலாகி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குள்ளம், மெல்லிய குரல், நடையும் நிதானம். இந்தக் கூட்டத்தை இவர் எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்று நினைத்தேன். முதல் நாள் காலையில் அவர் செய்த முதல் வேலை, நடுவில் கிடந்த பெரிய மேஜையைச் சுவரோரமாகத் தள்ளச் சொன்னது. தனக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாதாம். பிறகு நோயாளி உட்காரும் முக்காலியை ஆட்டிப் பார்த்தார். அது ஆடியது. ஒரு தச்சரைக் கூப்பிட்டு, தளர்ந்த கால்களை இறுக்கித் தரச் சொன்னார். "ஆடுற முக்காலியில உட்கார்ந்தவங்களுக்குக் கவனமெல்லாம் விழாம இருக்கறதுலதான் இருக்கும் சிஸ்டர். எங்கேர்ந்து பேசுவாங்க?" என்றார். எத்தனையோ வருஷம் அந்த முக்காலியில் நோயாளிகள் ஆடிக்கொண்டு இருந்ததை நானும்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் வைத்தியம் வாசலிலேயே ஆரம்பித்துவிடும். உள்ளேயிருந்து பெயரைக் கத்தக் கூடாது, போய்க் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு இட்ட முதல் கட்டளை. பெயர் கூப்பிட்டதும் பெஞ்சிலிருந்து எழுபவர் யாரைப் பார்க்கிறார், எந்தக் கையை ஊன்றுகிறார், கூட வந்தவர் முந்திக்கொள்கிறாரா, இதையெல்லாம் அவர் கதவு வழியாகப் பார்ப்பார். உட்கார்ந்ததும் "சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். பேனா மூடியோடு மேஜையில் கிடக்கும். அவர்கள் முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை வராது. பேச்சு நின்றாலும் உடனே அடுத்த கேள்வி வராது. அந்த நேரத்தில் நான் வாசலில் நிற்கும் வரிசையை எட்டி எட்டிப் பார்ப்பேன். டாக்டர் சுகந்தியோ, பஸ்சுக்கு நிறைய நேரம் இருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் நோயாளியே மறுபடி ஆரம்பிப்பார். பெரும்பாலும் அப்போது வருவதுதான் விஷயமாக இருக்கும்.

நாடி பார்க்கக் கையைப் பிடித்தால் விட மாட்டார். இவ்வளவு நேரம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "எண்ணிக்கை எப்பவோ முடிஞ்சிடும். மிச்ச நேரம் அவங்களுக்கு. நான் கடிகாரத்தைப் பார்த்துட்டிருக்கேன்ல, அப்ப என் மூஞ்சியப் பார்க்காம பேசலாம்" என்றார். பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் வாய் திறப்பார்கள். புருஷன் குடிப்பது, மகன் பேசாமலிருப்பது, இரவில் யானைக் காவலுக்குத் தனியாகப் படுக்கிற பயம் எல்லாம் நாடியைப் பிடித்த கையின் வழியாகத்தான் வெளியே வரும். கடைசியில் அவர்கள் எழுந்தால் இவரும் எழுந்து வாசல்வரை கூடவே போவார். எங்கள் ஊர்ப் பழக்கம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ. எங்கள் பக்கத்தில் சொல்ல வந்ததைச் சபையில் சொல்ல மாட்டார்கள், செருப்பு மாட்டும்போதுதான் "அப்புறம் ஒண்ணு" என்று இழுப்பார்கள். அந்த "அப்புறம் ஒண்ணு"வுக்காகவே வாசல்வரை நடந்த டாக்டரை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது தெர்மாமீட்டர் விவகாரம். எங்கள் பக்கம் ஒரு நோயாளி தனியாக வருவது அபூர்வம். மருமகளோடு மாமியார் வருவார், மனைவியோடு புருஷன் வருவான், நோய் யாருக்கோ, பேச்சு முழுக்கக் கூட வந்தவர் பேச்சு. "இவ சரியாச் சாப்பிடுறதில்லம்மா", "இவளுக்கு வயித்து வலியெல்லாம் இல்ல, சும்மா சொல்றா." நோயாளி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே போங்கள் என்றால் சண்டை வரும், வீட்டுக்குப் போனதும் அவள்தான் வாங்கிக் கட்டிக்கொள்வாள். டாக்டர் சுகந்தி கூட வந்தவரை உற்றுப் பார்ப்பார். "உங்களுக்குக் கண்ணெல்லாம் சோர்வா இருக்கே? சிஸ்டர், இவங்களுக்கு ஜுரம் பாருங்க" என்பார். அப்போது கண்ணாடித் தெர்மாமீட்டர்தான். நாக்குக்கு அடியில் வைத்து, வாயை மூடச் சொல்லி, வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வருவேன். தன்னையும் ஒரு டாக்டர் கவனித்தாரே என்ற சந்தோஷத்தில் அந்த அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருப்பார். உள்ளே மருமகள் அழுது முடித்து முகம் துடைத்திருப்பாள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடு.

அவர் ஏமாந்ததும் உண்டு. ஒரு ஜீப் டிரைவர் மருத்துவச் சான்றிதழுக்காக வந்து, முதுகு வலி என்று கண்ணீர் விட்டுப் பேசினான். இவரும் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் அவன் போடி பஸ் ஸ்டாண்டில் பூசணிக்காய் லோடு இறக்கிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் வந்து டாக்டரை ஒரு பிடி பிடித்தேன். அவர் சிரித்தார். "நல்லா நடிச்சான்ல? பரவாயில்ல சிஸ்டர். சந்தேகத்தோட கேட்டா, நிஜமா வலிக்கிறவங்களும் நம்மகிட்ட நடிக்க ஆரம்பிச்சுடுவாங்க." எனக்கு அப்போதும் அவன் மேல் ஆத்திரம் தீரவில்லை. இப்போதும் தீரவில்லை.

இனி ஈஸ்வரியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஈஸ்வரி போடியில் ஒரு கடையில் காய் பொறுக்குகிறவர். மலையிலிருந்து உலர்ந்து வரும் ஏலக்காயைத் தரையில் குவித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பெரியது, சிறியது, வெடித்தது என்று பிரிப்பார்கள். தூசி பறக்கும் என்பதால் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டியிருப்பார்கள். அந்தப் பெண்கள் தெருவில் நடந்தால் அவர்களுக்கு முன்னால் ஏலக்காய் வாசம் நடக்கும். ஈஸ்வரி வந்தது முழங்கால் வலிக்கு. கூட மகள் பிரியா வந்திருந்தாள். தேவாரத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது, தை மாதம் கல்யாணம். எல்லாவற்றையும் பிரியாதான் சொன்னாள். துறுதுறுவென்று நல்ல பிள்ளை, அம்மா மேல் உயிர். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு "ஆமா", "ம்" என்று மட்டும் சொன்னார்.

"கையை எடுத்துட்டுப் பேசு தாயி, ஒண்ணும் வெளங்கல" என்றேன் நான்.

"அவுக அப்பிடித்தான் நர்சம்மா. காய் பொறுக்கிப் பொறுக்கி, துணி இல்லாட்டியும் கை தானா வாய்க்குப் போயிருது" என்றாள் பிரியா.

அது உண்மைதான். காய் பொறுக்கும் பெண்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. போதாததற்கு, பெரிய மனிதர்கள் முன்னால் வாய் பொத்திப் பேசுவது இந்தப் பக்கத்தில் மரியாதை. யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது. முழங்காலுக்கு மாத்திரை கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினோம். டாக்டர் வழக்கம்போல வாசல்வரை போனார். திரும்பி வந்து என்னிடம் கேட்டார்.

"அந்த அம்மா யாருக்கு மரியாதை கொடுக்கிறாங்க சிஸ்டர்?"

"ஒங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

"நான் பார்க்காத மாதிரி இருந்தப்ப ஜன்னல் பக்கம் திரும்பி நின்னாங்க. அப்பவும் கை அங்கதான். டீ வந்தப்ப எல்லாரும் குடிச்சாச்சு, அவங்க டம்ளர் ஆறி ஏடு படியற வரைக்கும் காத்திருந்தாங்க. அப்புறம் பாருங்க, மரியாதைக்குப் பொத்துற கை வாய்க்கு நேரா இருக்கும். இவங்க கை இடது கன்னத்துலயே இருக்கு."

அப்போதுதான் எனக்கும் ஒன்று உறைத்தது. ஈஸ்வரி பேசியபோது வாயில் ஏலக்காய் இருந்தது. அல்வாக் கடைக்காரர் அல்வா தின்ன மாட்டார். நாள் முழுக்க அந்த வாசத்தில் உட்கார்ந்து எழும் பெண்கள் வீட்டுப் பாயசத்தில்கூட ஏலக்காய் வேண்டாம் என்பார்கள். இவர் ஏன் அதை வாயில் அடக்கிக்கொண்டு வருகிறார்? ஏதோ ஒரு நாற்றத்தை மறைக்கத்தான். டாக்டரிடம் சொன்னேன். வெளியூர்க்காரருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. சொன்னதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெற்றிலை, புகையிலை போடும் வாய்களை இரண்டு பேருமே நிறையப் பார்த்தவர்கள். என்னவாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

"அடுத்த வாரம் வந்ததும் ஆ காட்டுன்னு டார்ச்ச அடிச்சா முடிஞ்சுபோச்சு" என்றேன்.

"காட்டச் சொன்னா ஒரு தடவை காட்டுவாங்க. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டாங்க. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது அவங்க கால். நம்ம டார்ச் இல்ல" என்றார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே பயம், ஈஸ்வரி வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று. வந்தார். பிரியாவும் வந்தாள். டாக்டர் பிரியாவைப் பார்த்தார். "கல்யாணப் பொண்ணு முகம் ஏன் வாடியிருக்கு? சிஸ்டர், ஜுரம் பாருங்க." அவள் "எனக்கா?" என்று கேட்டு முடிப்பதற்குள் தெர்மாமீட்டர் நாக்குக்கு அடியில் போய்விட்டது. வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

டாக்டர் முக்காலிக்கு முன்னால் தரையில் குந்தி, ஈஸ்வரியின் முழங்காலை இரண்டு கையாலும் மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தார். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்யாணம் எங்கே, யார் சமையல், எத்தனை பந்தி என்று கேட்டார். ஈஸ்வரி துணிக்குள்ளிருந்து பதில் சொன்னார். பிறகு டாக்டர், "நீங்க என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"கஞ்சி."

"பிடிக்குமா?"

ஈஸ்வரி முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டார். டாக்டர் மறுபடி கேட்கவில்லை. முழங்காலில் கை மட்டும் போய்வந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். குந்தியிருந்தபடியே டாக்டர் என் செருப்புக் காலை ஒரு விரலால் தட்டினார். வாயை மூடிக்கொண்டேன். வெளியே யாரோ இருமினார்கள், ஒரு ஜீப் வந்து நின்று கிளம்பியது. ஈஸ்வரிதான் பேசினார்.

"தை முடியட்டும் டாக்டரம்மா."

ஏன் தை முடிய வேண்டும் என்று டாக்டர் கேட்கவில்லை. தெரியாதது போலவும் நடிக்கவில்லை. "அதுவரைக்கும் சமாளிச்சுடலாம்னு நினைக்கிறீங்க" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஈஸ்வரியின் நாத்தனாருக்கு இதே மாதிரி வாயில் வந்ததாம். ஊரில் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றார்களாம். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கைக்கு வந்த சம்பந்தம் கலைந்துபோனதாம். "ஊர் வாய மூட ஒல மூடியாம்மா இருக்கு? ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணத்த முடிக்கச் சொல்றாக. நான் ஒண்ணே ஒண்ணுதான சொல்றேன். எம் மக கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறம் எனக்கு என்ன வந்தா என்ன?"

சொல்லிவிட்டு முந்தானையை அவரே எடுத்தார். வாயையும் அவரே திறந்து காட்டினார். இடது கன்னத்தின் உள்பக்கம் புண். புதிது இல்லை. என் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நல்லவேளையாக அவர் பார்வை டாக்டர் மேலேயே இருந்தது. டாக்டர் முகம் மாறவில்லை. முழங்காலை எப்படிப் பார்த்தாரோ அப்படியே அதையும் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. மாதக்கணக்கில் ஒருத்தருக்கும் காட்டாமல் மறைத்ததை ஒரு மனுஷி திறந்து காட்டும்போது, எதிரே இருக்கிற முகம் சுளித்தால் அவள் அதோடு செத்தாள். அந்த முகத்தை அப்படி வைத்திருக்க எந்தத் திரையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள்?

பூசி மெழுகவும் இல்லை அவர். "இது என்னன்னு மதுரையில சோதிச்சுத்தான் சொல்ல முடியும். நீங்க பயப்படறதுதான்னு நானும் நினைக்கிறேன். தை வரைக்கும் தள்ளினா, தாலி கட்டறப்ப நீங்க இருப்பீங்க. பேரப்பிள்ளை பிறக்கறப்ப இருப்பீங்களான்னு என்னால சொல்ல முடியல" என்றார்.

ஈஸ்வரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவகிட்ட நீங்க சொல்லாதீக. நானே சொல்றேன்" என்றார்.

டாக்டர் எழுந்து, கதவைத் திறந்து, பிரியாவை உள்ளே அனுப்பினார். பாவம், தெர்மாமீட்டர் இன்னும் அவள் வாயில்தான் இருந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, தன் அறைக் கதவைத் தானே சாத்தினார். டாக்டர் வெளியே, நோயாளி உள்ளே. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் ஒரு முறை முறைத்ததும் அடங்கினார்கள். உள்ளே பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்தது மட்டும்தான். பிரியா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "எங்க போகணும், யாரப் பாக்கணும், சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

மதுரையில் சோதித்ததில் நாங்கள் நினைத்ததுதான், புற்றுநோய் என்று வந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள், கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். தேவாரத்துக்குத் தானே போன் செய்து பிரியா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். என் குரலெல்லாம் அவர் குரலுக்கு முன்னால் எம்மாத்திரம்!

"எவ அந்த டாக்டரு? எங்க சம்பந்திக்கு என்னன்னு இப்பச் சொல்லணும். எத்தன நாளா மூடி மறைச்சிருக்காக! எங்கள என்ன நெனச்சாக? பூ வச்சுட்டுப் போனப்ப ஏங் கூட ஒக்காந்து காப்பி குடிச்சாளே, ஒரு வார்த்த சொன்னாளா? இப்பிடிப்பட்ட எடத்துல எப்பிடிச் சம்பந்தம் வச்சுக்கிறது?"

கலைந்தது கல்யாணம் என்று நினைத்தேன். பதிலுக்கு நாலு வார்த்தை சூடாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாய் துடித்தது. டாக்டர் அவருக்கு எதிரே நின்று முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை, சமாதானம் சொல்லவில்லை. அந்த அம்மாள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அந்தத் தூக்குவாளியக் கீழ வைங்கம்மா, கை வலிக்கும்" என்றார்.

அப்போதுதான் நான் பார்த்தேன். அத்தனை ஆவேசத்திலும் அந்த அம்மாள் ஒரு கையை மட்டும் ஆட்டாமல் வைத்திருந்தார். அந்தக் கையில் துண்டு சுற்றிய ஒரு தூக்குவாளி. சூடு ஆறக் கூடாதென்று சுற்றியிருக்கிறார், சிந்தக் கூடாதென்று ஆடாமல் பிடித்திருக்கிறார்.

"யாருக்குக் கொண்டுபோறீங்க?"

அந்த அம்மாள் கையைக் குனிந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "சம்பந்திக்குத்தான். நல்லாக் கொழைய வடிச்சு, மோர் ஊத்திக் கரைச்சு, துணியில வடிகட்டிக் கொண்டாந்தேன். காரம் ஆகாதுன்னு பிள்ள சொல்லுச்சு." பிறகு அழுதார். "எங்கிட்டச் சொல்லக் கூடாதா டாக்டரு? நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா?"

நான் வார்த்தையைக் கேட்டேன், டாக்டர் கையைப் பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம். நான் வாய் திறந்திருந்தால் அந்த அம்மாளும் விட்டிருக்க மாட்டார், இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கல்யாணத்தைக் கலைத்துவிட்டுத்தான் ஓய்ந்திருப்போம். "நோயாளியப் பத்தி நான் சொல்லக் கூடாது. அவங்க வீட்டுல இருக்காங்க, நீங்களே கேளுங்க" என்று டாக்டர் சொல்லி, ஆட்டோவரை கூடப் போனார். ஆட்டோ தேவாரம் பக்கம் திரும்பவில்லை, ஈஸ்வரி வீட்டுப் பக்கம்தான் போனது.

அறுவை சிகிச்சையில் இடது தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். பிறகு கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஈஸ்வரி பாதியாகத் திரும்பி வந்தார். பேச்சு குழறியது, பிரியாவுக்கு மட்டும்தான் புரியும். இதற்கிடையில் டாக்டர் சுகந்திக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல் வந்துவிட்டது. அவர் போன அன்று நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கல்யாணம் ஆவணியில் போடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. டாக்டர் முந்தின இரவே பஸ் ஏறி வந்துவிட்டார். காலையில் இருவரும் சேர்ந்துதான் மண்டபத்துக்குப் போனோம். வாசலில் சந்தனமும் கற்கண்டும் இருந்த மேஜைக்குப் பக்கத்தில் பெண்ணின் அம்மா நின்றிருந்தார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. இடது கன்னம் குழிந்து, தையல் கோடு கழுத்துவரை இறங்கியிருந்தது. அதை மூட ஒரு துணியும் இல்லை. கை இரண்டும் கும்பிட்டபடி நெஞ்சுக்கு நேராக இருந்தன.

எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவள் "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்காவிட்டால் போதும், அதையே சொல்லிச் சொல்லித் தலைமுறைக்கும் பேசாமலிருப்பார்கள். அதனால்தான் தூக்குவாளி கொண்டுவந்த சம்பந்தியம்மா ஈஸ்வரி பக்கத்திலேயே நின்று, இரண்டு பேருக்கும் சேர்த்து "வாங்க, வாங்க, உள்ள போங்க" என்று தன் பெரிய குரலில் அழைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனசோடுதான் செய்தார்.

எங்களைப் பார்த்ததும் ஈஸ்வரி சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். சம்பந்தியம்மா வாயை மூடினார். ஈஸ்வரிக்கு உதடு ஒன்றுசேரவே நேரம் ஆனது. ஒரு பக்கம் இழுத்தது, எச்சிலை முழுங்கிக்கொண்டார், மறுபடி முயன்றார். டாக்டர் கை கட்டி நின்றார். எனக்கும் அன்று அவசரம் வரவில்லை.

"ஆங்க" என்றார் ஈஸ்வரி. "ஆங்க தாக்டரம்மா."

பிறகு என்னைப் பார்த்தும் தனியாக ஒரு தடவை சொன்னார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் என்னை வாங்க என்று அழைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தைக்கு இவ்வளவு கனம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்களுக்குப் பின்னால் வந்த குடும்பம் வழக்கம்போல உள்ளே நுழையப் பார்த்தது. சம்பந்தியம்மா குறுக்கே கையை நீட்டினார். "நில்லுங்கப்பு. அவுகதான் கூப்பிடுவாக." அவர்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒவ்வொருவராக ஈஸ்வரிக்கு எதிரே வந்து, அவர் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்து, கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். வரிசை மண்டபத்து வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. நல்ல வெயில். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, எல்லாரும் உள்ளே வாருங்கள் என்று மேடையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஒருத்தரும் வரிசையை விட்டு நகரவில்லை.